கூதாளியின் விண்டோ

ஜூன் 14, சனி

இன்று முதல் நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் இதில் எழுதப் போகிறேன். எனக்கு நல்ல பெயர் தருவதை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விழுங்கினால் அது நாட்குறிப்பு இல்லை, விளம்பரம். எனவே அவமானங்களும் எழுதப்படும்.

நான் நிறைமதி. பொள்ளாச்சியில் பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. அம்மா வீட்டிலேயே தையல் தைக்கிறார். அப்பா தேங்காய் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போவார். முகூர்த்த மாதம் என்பதால் வீடு முழுக்க ஜாக்கெட். ஹூக் கட்டுவது என் வேலை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு மட்டும் நான் ஊசியைத் தொடமாட்டேன். அப்போது நாங்கள் நான்கு பேர் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒரே மேசையில் உட்காருவோம். மேசை கணினித் திரைக்குள் இருக்கிறது. என் தோழி சம்ரிதா கதையை நடத்துவாள். "நீங்க ஒரு கோட்டை வாசல்ல நிக்கிறீங்க. என்ன பண்றீங்க?" என்பாள். அவளுடைய மாமா மகன் கவின், எங்கள் பள்ளி அஃப்ரின், நான் மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைத் திரையில் உருளும் பகடை சொல்லும். ஜெயிப்பது தோற்பது எதுவும் இல்லை. இதை அம்மாவிடம் விளக்கியபோது, "அப்பறம் என்னத்துக்குக் கண்ணு வெளையாடறீங்க?" என்றார்.

என் பாத்திரத்தின் பெயர் கூதாளி. பழைய பூப்பெயர். மூலிகை தெரிந்த மருத்துவச்சி. முகத்தை நானே வரைந்தேன். அவள் தம்பி ஆற்றில் மூழ்கிப் போனதால் தண்ணீர் என்றால் ஆகாது, படகில் கால் வைக்கமாட்டாள். இதையெல்லாம் அவள் விண்டோவில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனியாக ஒரு விண்டோ திறக்கும். படம், நிலை, உயிர் எத்தனை புள்ளி மிச்சம், எல்லாம் அதில் இருக்கும்.

இன்று நாங்கள் இன்னும் அதே மலைக்கோட்டை வாசலில்தான் நிற்கிறோம். கதவின் கீல், துரு, சாவித் துவாரம் எல்லாவற்றையும் கூதாளி சோதித்தாள். கவின், "மதி, கதவைத் தொறடி. அதுகிட்டப் பேட்டி எடுக்காத," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போன வாரம் வாசலில் ஒரு காவலாளியோடு பேசியிருந்தோம். சம்ரிதாவுக்கு அது நினைவே இல்லை. பாவம், ப்ளஸ் ஒன் தொடங்கியதில் இருந்து அவளுக்கு அலைச்சல்.

முடியும்போது, "மதி, ஒரு கப்பல் விண்டோ எழுதித் தர்றியா? அடி பட்டா அதுல இருக்கறவங்க உயிர் தானாக் குறையற மாதிரி," என்று கேட்டாள். நாங்கள் இருப்பது மலை உச்சியில். கப்பல் எதற்கு என்று கேட்டேன். "வரும்டி, வரும்" என்றாள். கூதாளியைத் தண்ணீரில் ஏற்ற அவள் ஏதோ அருமையாக யோசித்து வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் ஹூக். மதியத்துக்கு மேல் கப்பல் ஸ்கிரிப்ட்.

ஸ்கிரிப்ட் என்பது மென்பொருளுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளை. எனக்கு அதில் பிடித்தது என்னவென்றால், ஒரு விண்டோவில் எதையாவது மாற்ற வேண்டும் என்றால் முதலில் அந்த விண்டோவைப் பிடிக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அது திறந்திருந்தால் கைக்கு வரும். மூடியிருந்தால் ஒன்றும் வராது. ஒன்றும் வராததைப் பார்க்காமல் மேலே எழுதிக்கொண்டே போனால் எல்லாம் நின்றுவிடும். நல்லவேளையாக சம்ரிதா எதையும் மூடுகிற பழக்கம் இல்லாதவள். அவள் கணினியில் எல்லா விண்டோவும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தே கிடக்கும்.

குண்டு பட்டதும் ஸ்கிரிப்ட் கப்பலில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் விண்டோவில் உயிரைக் குறைக்கும். ஒரு சந்தேகம் கேட்க சம்ரிதாவை அழைத்தேன். நான்கு மணியில் இருந்து பிஸி. ஆறரைக்கும் பிஸி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள்.

ஜூன் 18, புதன்

சாப்பாட்டு மணியில் அஃப்ரினும் சம்ரிதாவும் நங்கூரம் பற்றிப் பேசி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் டப்பாவோடு போனதும், "என்ன கொழம்பு?" என்றாள் அஃப்ரின். கீரை என்றேன். கப்பல் கதைக்காக இப்போதே படித்துத் தயாராகிறார்கள் போலிருக்கிறது. நானும் நூலகத்தில் கப்பல் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். பாய்மரங்களின் பெயர்கள் மிக அழகு.

ஜூன் 21, சனி

கப்பல் விண்டோவைக் கொடுத்தேன். "நீ தெய்வம்டி!" என்றாள் சம்ரிதா. ஆனால் இன்று கப்பல் வரவில்லை. கோட்டைக்குள் நுழைந்தோம், ஒரு படிக்கட்டு வந்தது, ஆட்டம் முடிந்தது. கவினுக்கு டியூஷனாம், பாதியில் போய்விட்டான்.

அவளுக்கு இன்னொன்று வேண்டும். ஒரு விசையைத் தட்டினால் அவள் பார்க்கும் விண்டோ எங்கள் எல்லோர் திரையிலும் தெரிய வேண்டும். எந்த விண்டோ என்று ஸ்கிரிப்டுக்குப் பெயர் சொல்ல வேண்டுமே, அவளோ படங்களின் பெயரை நினைத்தபடி மாற்றுகிறாள். அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். பெயரே வேண்டாம், அந்த நேரத்தில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதை எடு. என் கணினியில் சோதித்தேன். அருமையாக வேலை செய்தது. என் கணினியில் ஒரே ஒரு விண்டோதான் திறந்திருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

நாள் முழுக்க ஹூக். வலது கட்டைவிரலில் ஊசி. வேறு செய்தி இல்லை.

ஜூன் 28, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விண்டோவைத் திறந்தபோது கூதாளியின் உயிர் 24 இருக்க வேண்டிய இடத்தில் 11 இருந்தது. போன வாரம் சண்டையே இல்லை. கேட்டேன். "ஏதோ சாஃப்ட்வேர் பக் மதி, நீயே சரி பண்ணிக்கோ," என்றாள் சம்ரிதா. 24 என்று மாற்றினேன்.

படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம். கூதாளி அங்கே ஒரு செடியைக் கண்டாள். அதன் இலை, மணம், எந்த நோய்க்கு ஆகும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சம்ரிதா "ம்… ம்…" என்றாள். இடையே அவள் விசைப்பலகை படபடவென்று ஓடும் சத்தம். தோட்டத்துக்கு அப்பால் ஒரு பாலம் இருப்பதாகச் சொன்னாள். "படம் இருக்கா? புது விசைய அமுக்கிக் காட்டேன்," என்றேன். அமுக்கினாள்.

வந்தது பாலம் இல்லை.

நான் வரைந்த முகம். இடது கண்ணின் மேல் யாரோ கறுப்பாக ஒரு பட்டை வரைந்திருந்தார்கள். கூதாளி. நிலை 9. என்னுடையவள் நிலை 3. தொழில்: கப்பல் மருத்துவர். உயிர் 61. விளையாடுபவர்: விசாகா.

முதலில் பேசியது அஃப்ரின். "சம்ஸ், மூடு. அத மூடு," என்றாள். கவினின் மைக் அணைந்தது. பிறகு சம்ரிதா, "ஐயோ, அது டெஸ்ட் காப்பி மதி. உன் ஸ்கிரிப்ட்டச் சோதிக்க ஒரு டம்மி ஆள் வேணுமில்ல? விசாகான்னு சும்மா ஒரு பேர் போட்டேன்," என்றாள்.

அது நியாயமான பதில். தவறு என்னுடையது. அவள் கணினியில் எது மேலே இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். "சாரி, என் ஸ்கிரிப்ட்தான் தப்பான விண்டோவை எடுத்துடுச்சு," என்றேன். "பரவால்லடி," என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

விசை ஸ்கிரிப்டைத் திருத்தி அனுப்பினேன். இனி பெயர் சொல்லித்தான் எடுக்கும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. சோதிக்க உண்டாக்கிய ஆளுக்கு எதற்குக் கண் போக வேண்டும்?

நான்கு மணிக்கு சம்ரிதாவை அழைக்க போனை எடுத்தேன். பிறகு அழைக்கவில்லை. "என்ன சாமி, போனக் கையில வச்சுட்டுக் கல்லு மாதிரி நிக்கற?" என்றார் அம்மா. தலைவலி என்றேன்.

ஜூன் 30, திங்கள்

நூலக வகுப்பில் என் ரஃப் நோட்டு திறந்திருந்தது. ஓரத்தில் கூதாளியை வரைந்திருந்தேன். பக்கத்து மேசையில் இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஏய், கூதாளி!" என்றாள். பெயரை அவ்வளவு சரியாகச் சொன்னவர்கள் யாரும் இல்லை. எங்கள் மேசையில் கூத்தாடி என்பார்கள்.

பயாலஜி பிரிவுப் பெண். சம்ரிதாவின் தெருவில் குடியிருக்கிறாள். விசாகா.

"நீதான் நிறைமதியா? ஐயோ, உன்னப் பாக்கணும்னு எத்தன நாளா நெனச்சேன் தெரியுமா! பப்ளிக்குக்குப் படிக்கணும்னு நீ வெளையாடறத விட்டுட்ட, ஆள வேற யாருக்காச்சும் குடுத்துருங்கன்னு சொன்னியாமா. எனக்குன்னா மனசே வந்திருக்காது. பெரிய மனசுப்பா உனக்கு."

"எப்ப இருந்து வெளையாடற?" என்று கேட்டேன்.

"பொங்கல் லீவுல இருந்து. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு. கண்ணு போனப்ப நான் நெஜமாவே அழுதுட்டேன். சம்ஸ் அக்கட்ட சிரிக்கறா, நான் இக்கட்ட அழுவறேன்."

"எப்படிப் போச்சு?"

அவள் சொன்னாள். தீப்பிடித்த கப்பலில் ஒரு சிறுவனைத் தூக்கப் போனபோது போயிற்று. பிறகு கூதாளி எப்படித் தண்ணீருக்குப் பழகினாள் என்று சொன்னாள். தம்பிக்காக ஒரு விளக்கை மிதக்கவிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாளாம். மணி அடிக்கும் வரை கேட்டேன். நல்ல கதை. சுவையாகச் சொல்கிறாள், எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரிகிறது.

நான் விட்டுவிடவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

வயிற்று வலி என்று சொல்லி லீவு. வயிறு வலிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

மாலையில் சைக்கிள் ஸ்டாண்டில் சம்ரிதாவை நிறுத்தினேன். ஆறாம் வகுப்பில் இருந்து அவள் என் தோழி. பேச வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்து போயிருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது. "விசாகா டம்மி இல்ல," என்று மட்டும் வந்தது.

அவள் சைக்கிள் பூட்டைத் திறக்காமல் நின்றாள்.

"யாரு சொன்னா?"

"அவதான். எனக்குப் பெரிய மனசாமா."

"மதி, இங்க பாரு. உன்னக் கழட்டி விடணும்னு நெனச்சு யாரும் பண்ணலடி. நீ ஒரு கதவத் தொறக்க அரை மணி நேரம் எடுப்ப. அஃப்ரினுக்குத் தூக்கமே வந்துரும். கவின் நான் வரலன்னுட்டான். உங்கிட்ட எப்பிடிச் சொல்றது? நீ அழுவ. அதான் சனிக்கெழமய உனக்காகத் தனியா வச்சோம். உனக்காகத்தாண்டி! எங்க மூணு பேருக்கும் அதுல என்ன கெடச்சுது?"

"கப்பல் விண்டோ கெடச்சுது," என்றேன்.

அவள் முகம் சிவந்தது. "அது நீ ஆசப்பட்டுத்தான எழுதுன? நான் கழுத்தப் புடிச்சா எழுதச் சொன்னேன்?"

அது உண்மை. ஆசைப்பட்டுத்தான் எழுதினேன்.

"கூதாளிய ஏன் எடுத்தீங்க?"

"அவ நல்ல ஆளுடி," என்றாள் சம்ரிதா. "அவ இல்லாம கத நகரல."

இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை. வரும் வழியில் செயின் கழன்றது. கை முழுக்க கிரீஸ். சோப்புப் போட்டும் போகவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சம்ரிதாவிடம் இருந்து குரல் செய்தி. கோபம் இல்லை என்றாள். கோபப்பட வேண்டியது யார் என்று கேட்க நினைத்தேன்.

ஞாயிறு அவர்களுக்குக் கடைசிக் கடல் போராம். கப்பல் விண்டோ தகராறு செய்கிறது. குண்டு பட்டால் கவினுக்கும் அஃப்ரினுக்கும் உயிர் சரியாகக் குறைகிறது, விசாகாவின் கூதாளிக்கு மட்டும் குறையவே இல்லை. "நீ வந்து பாரேன், ப்ளீஸ். அப்பிடியே ஆட்டத்துலயும் இரு. உனக்குன்னு ஒரு ஆளு வச்சிருக்கேன், கப்பல்ல சமையக்காரி. உனக்குத்தான் எல தழையெல்லாம் நல்லாத் தெரியுமே."

எங்கே கோளாறு என்று கேட்டவுடனே புரிந்துவிட்டது. இரண்டு ஆட்டத்தையும் அவள் ஒரே கோப்பில் வைத்திருக்கிறாள். எதையும் மூடுவதில்லை. எனவே கூதாளி என்ற பெயரில் இரண்டு விண்டோக்கள் திறந்திருக்கின்றன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முதலில் உண்டானவள்தான் கைக்கு வருவாள். அதாவது என்னுடையவள். ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் விழுந்த குண்டெல்லாம் மலைக்கோட்டையில் சும்மா நின்றவள் மேல் பட்டிருக்கிறது. 24 எப்படி 11 ஆயிற்று என்பது இப்போது தெரிகிறது.

விளக்கி எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சூப்பர்டி! அப்போ ஒண்ண அழிச்சுட்டா முடிஞ்சுது. உன்னோடத அழிச்சுடலாம்ல? சனிக்கெழம இனிமே எப்பிடியும் இல்லயே."

பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

நான்கு மணிக்கு மேசையைத் திறக்கவில்லை. அம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். "இன்னிக்கு வெளையாட்டு இல்லீங்களா மேடம்?" என்றார். இல்லை என்றேன். "சண்டயா கண்ணு?" என்றார். ஹூக் கட்டினேன். எட்டு ஜாக்கெட். அம்மா என் பக்கம் டீயை நகர்த்தினார்.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். உண்மையை எழுதுவதாக முதல் நாளே சொல்லியிருப்பதால் இதையும் எழுதுகிறேன்.

பழுது பார்க்க வந்தவள் என்பதால், அவளுடைய எல்லா விண்டோவையும் தொடும் உரிமையை சம்ரிதா எனக்குக் கொடுத்தாள். ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. விசாகா, "வா, வா! கப்பலுக்கு ஆளு வந்தாச்சு!" என்றாள். கவின், "ஹாய் மதி" என்று நிறுத்திக்கொண்டான்.

இது என் சனிக்கிழமை இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சம்ரிதா குரல் மாற்றிக் கொள்ளையர் தலைவனாகக் கத்தினாள். இப்படியெல்லாம் அவளுக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. கவின் பாய்மரத்தில் ஏறினான். அஃப்ரின் அவனை, "எறங்குடா கொரங்கு, போர் நடக்குது!" என்றாள். நான் சமையற்கட்டில் இருந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

"மதி, ரெடியா?" என்றாள் சம்ரிதா. "அழிச்சிரு, அடுத்த குண்டு வருது."

இரண்டு கூதாளிகளும் என் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஒருத்தி முழுக் கண்ணோடு. மற்றவள் பட்டையோடு. ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி எழுதினேன். பெயர் சொல்லிக் கூப்பிடு, அதில் இரண்டாவதாக வருபவளை எடு, அழி. இது கை தவறியது அல்ல. வரியை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடவிட்டேன்.

பட்டை கட்டியவள் போய்விட்டாள்.

"ஏய்! எங்கூதாளியக் காணம்!" என்று விசாகா கத்தினாள். "சம்ஸ், என் விண்டோ போச்சு!"

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அதையும் எழுத வேண்டும். ஆறு மாதக் கதை. இனி எங்கே தேடுவார்கள்?

"லூசு, மாத்தி அழிச்சிட்டியா?" என்றாள் சம்ரிதா. நான் அந்த வரியை ஸ்கிரிப்ட்டில் இருந்து எடுத்தேன். பிறகு, "பரவால்ல. இன்னொண்ணு இருக்குல்ல. விசாகா, உனக்கு நம்பர் எல்லாம் நெனவிருக்கா?" என்றாள்.

"நெனவிருக்காவா? தூக்கத்துல எழுப்பிக் கேளு, சொல்றேன். நிலை ஒம்பது. உயிர் அறுவத்தொண்ணு. மூலிகை பதினாலு…"

அவள் சொல்லச் சொல்ல, என் கண் முன்னாலேயே என் கூதாளியின் விண்டோவில் எண்கள் மாறின. 3 அழிந்து 9 வந்தது. போன ஞாயிற்றுக் குண்டுக்கு மிஞ்சிய 15 அழிந்து 61 வந்தது. தொழில் மாறியது. விளையாடுபவர் என்ற இடத்தில் என் பெயர் எழுத்தெழுத்தாகக் குறைந்து, விசாகா என்று வந்தது. "கண்ணு நல்லா இருக்கு பாரு இதுல," என்றான் கவின். "மூலிக வச்சுக் கட்டி சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கறேன்," என்றாள் விசாகா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்திருக்கும், அவ்வளவு சட்டென்று சொன்னாள்.

குண்டு விழுந்தது. பகடை உருண்டது. ஸ்கிரிப்ட் கூதாளியைக் கூப்பிட்டது. இப்போது ஒருத்திதான் இருந்தாள். 61 தானாக 52 ஆயிற்று.

"வேல செய்யுது!" என்று கத்தினாள் சம்ரிதா. "மதி, நீ தெய்வம்டி!" மற்றவர்களும் கை தட்டினார்கள். விசாகாதான் அதிக நேரம் தட்டினாள்.

சமையற்காரிக்கு வேலை வந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். போர் முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். கூதாளி பிழைத்துக்கொண்டாள். பிறகு கணினியை மூடிவைத்துவிட்டு, சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன், இதை எழுத உட்கார்ந்தேன். நான் அழித்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் செய்ததையும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எந்த இடத்தில் இருந்து தொடங்குவது என்று

அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.